ஏரியில் வாழ்ந்தவரை நினைவில் வைத்தல்: பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்து சில குறிப்புகள்

தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கி வடக்கே ஆந்திரப் பிரதேசத்துக்குள் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடக்கும் பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயலாகும். காயல் என்பது மணல்திட்டால் கடலிலிருந்து பிரிக்கப்பட்டு, ஓரிரு முகத்துவாரங்கள் வழியாக மட்டும் கடலோடு நீரைப் பரிமாறிக்கொள்ளும் ஆழமற்ற நீர்ப்பரப்பைக் குறிக்கும். பழவேற்காட்டின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே. ஆரணியாறும் காளங்கியாறும் கொண்டுவரும் நன்னீரால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உப்புக் குறைந்தும், கோடையில் கடல்நீரையே விஞ்சும் அளவுக்கு உப்பேறியும் ஆண்டுதோறும் குணம் மாறும் இந்த நீரில், முகத்துவாரம் மண்மூடுகிறது, மீண்டும் திறக்கிறது, திட்டுகள் நகர்கின்றன, ஒரு தலைமுறை படகு ஓட்டிய ஓடைகள் அடுத்த தலைமுறையில் முழங்காலளவுச் சேறாகின்றன. ஆகவே இங்கே தொழில்செய்து மறைந்த ஒருவரை நினைவில் வைக்க விரும்புவோருக்கு மற்ற ஊர்களில் இல்லாத ஒரு சிக்கல் எழுகிறது. அவர் வாழ்வோடு பிணைந்த இடங்களே அவருக்குப் பின் நெடுநாள் அப்படியே இருப்பதில்லை.

ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்து, இறாலும் மடவையும் பிடித்துப் பிள்ளைகளை வளர்த்து, பறவைகளையும் காற்றையும் கவனிப்பதில் தொழிலுக்கு அப்பாற்பட்ட ஈடுபாடு காட்டி, வாய்ப்புக் கிடைத்த போதெல்லாம் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, முதுமையில் மறைந்த ஒரு பெரியவரின் நினைவுகளை, அவர் குடும்பத்தாரும் இக்கட்டுரையாசிரியரும் சேர்ந்து தொகுத்தபோது பெற்ற பாடங்களே கீழ்வரும் குறிப்புகளாகும். பெரியவரின் பெயர் இங்கே தேவையில்லை. குடும்பம், இயற்கை, பயணம் என்ற மூன்றிலும் மனம் தோய்ந்தவர்கள் ஏரியைச் சுற்றியுள்ள எந்தக் குப்பத்திலும் உண்டு. இத்தகைய தொகுப்பில் இறங்குவோர் எதை முதலில் கேட்க வேண்டும், எதைத் தள்ளிப்போடக் கூடாது, எதை எழுதிய பின்னும் வெளியே காட்டக் கூடாது என்பவையே இங்கு விளக்கப்படுகின்றன.

தொகுப்பில் இறங்குவோர் பெரும்பாலும் முதலில் செய்வது, மறைந்தவர் எப்படிப்பட்டவர் என்று உறவினர்களிடம் கேட்பதாகும். இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடைகள் வியப்பூட்டும் அளவுக்கு ஒன்றுபோலிருக்கும். "எங்க நைனா நல்ல மனுசன், யாரையும் ஒரு வார்த்த கடிஞ்சு பேசமாட்டாரு" என்று மகன் சொல்வதும், அதையே மகளும் மருமகனும் அண்டைவீட்டாரும் சொல்வதும், எவருடைய பதினாறாம் நாள் காரியத்திலும் கேட்கக்கூடியவை. அவை பொய்யல்ல, ஆனால் அவற்றைக் கொண்டு ஒரு மனிதரை மற்றொருவரிடமிருந்து பிரித்தறிய இயலாது. அதே மகனிடம், தண்ணீர் வற்றும் இரவில் நைனா வலையோடு எங்கே நிற்பார், வலை இழுக்கும்போது யார் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பார், கரைக்கு வந்ததும் முதலில் என்ன செய்வார் என்று கேட்டால், பேச்சின் தன்மையே மாறிவிடுகிறது: கைகள் அசைகின்றன, திசைகள் காட்டப்படுகின்றன, "இல்ல இல்ல, அது சின்னவன் பொறந்ததுக்கு அப்புறம்" என்று திருத்தங்கள் வருகின்றன. பண்புகளைக் கேட்காமல் இடங்களையும் வேலைகளையும் கேட்க வேண்டும் என்பதே முதற்பாடம்; பண்புகள் தாமாகவே அவற்றினூடே வெளிப்படும்.

இது புதிய கண்டுபிடிப்பன்று. பறம்பு மலையின் தலைவனான பாரியைக் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாடல்களில், உழவரின் உழைப்பின்றி அம்மலை தரும் மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்ற விளைபொருட்கள் வரிசைப்படுத்தப்படுகின்றன. பாரி இறந்தபின் பாடியவற்றிலும் மலை, சுனை, ஊர் என்று நிலமே முன்னிற்கிறது. வள்ளலின் கொடையைப் போற்றும் அடைமொழிகள் எத்தனையோ மன்னர்களுக்கும் பாடப்பட்டவை என்பதால் அவற்றை மட்டும் கொண்டு பாரியை இன்று நெருங்கியறிய இயலாது. அவனை அவ்வாறு அறியச் செய்வது பறம்பு தான்.

இரண்டாவது பாடம், நினைவு யாருக்குக் கல்லில் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதைப் பழவேற்காட்டிலேயே பார்த்துத் தெளிவதாகும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்து, 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்து, 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையின் வணிகத்தை இங்கிருந்தே நடத்தியது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இன்று இருக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் நுழைவாயிலில் எலும்புக்கூட்டு உருவங்களும் 1656 என்ற ஆண்டும் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே வணிகர், அதிகாரிகள், அவர்தம் மனைவியர், குழந்தைகள் ஆகியோரின் பெயர்களும் நாட்களும் கல்லில் நிற்கின்றன. அதே துறைமுகத்திலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டுக் கம்பெனியின் ஆசியத் தலைமையிடமான பத்தாவியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களுக்கோ, அந்தக் கப்பல்களுக்கு அலையினூடே படகோட்டிச் சரக்கேற்றிய கரையோரத்தாருக்கோ இங்கே ஒரு கல்லும் இல்லை. பயணம் என்ற சொல்லை இனிமையாக மட்டும் பயன்படுத்துவோர் இந்தக் கரையில் சற்றுத் தயங்குவது நல்லது.

அந்தத் தோட்டத்தைவிட இக்கட்டுரைக்குப் பொருத்தமான சான்று ஒரு புத்தகம். 1632 முதல் 1642 வரை பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் சமயக் குருவாக இருந்த ஆபிரகாம் ரோஜர், இங்கிருந்த பிராமணர்களிடம் கேட்டறிந்த சமய வழக்கங்களையும் வாழ்க்கை முறையையும் விரிவாக எழுதிவைத்திருந்தார். நாடு திரும்பி 1649இல் அவர் இறந்தபின், அவர் மனைவியின் முயற்சியால் அது 1651இல் லெய்டன் நகரில் அச்சாயிற்று. இந்தியச் சமயத்தைப் பற்றி ஐரோப்பாவில் வெளிவந்த தொடக்ககால நூல்களுள் அது குறிப்பிடத்தக்க இடம் பெற்றதோடு, வடமொழிப் புலவர் பர்த்ருஹரியின் சுபாஷிதங்களை ஐரோப்பிய மொழியொன்றில் முதன்முதலாகத் தந்ததும் அதுவே. கணவரின் கல்லறையை அலங்கரிப்பதோடு அந்தப் பெண்மணி நின்றிருந்தால் ரோஜரின் பெயர் இன்று எவருக்கும் தெரிந்திராது. கணவர் ஆர்வத்தோடு சேர்த்துவைத்த கையெழுத்துப்படியை அவர் பாதுகாத்து, அச்சுக்குக் கொடுத்தார். மறைந்தவர் எதில் மனம் வைத்திருந்தாரோ அந்த வேலையை முடித்துவைப்பது சிறந்த நினைவு என்பதற்கு இந்த ஊரின் வரலாற்றிலேயே இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை. எழுதத் தெரியாத, அல்லது எழுத நேரமில்லாத மீனவர் விட்டுச்செல்லும் கையெழுத்துப்படி எது என்பதே கேள்வி.

அதற்கான விடை, பெருமளவு, பாடு முறையில் இருக்கிறது. பாடு என்பது ஏரியின் குறிப்பிட்ட மீன்பிடி இடத்தையும், அவ்விடத்தில் வலைபோட ஒருவருக்கு வரும் முறையையும் ஒருங்கே குறிக்கும் சொல். இறால் வற்றுநீரோடு கடலை நோக்கி நகரும் இரவுகளில் சுத்து வலை முதலிய வலைகளைக் கட்டுவதற்கு ஏற்ற இடங்கள் சிலவே என்பதால், பட்டினவர் சமூகத்தைச் சேர்ந்த சில குப்பங்கள் தமக்குள் அந்த இடங்களைச் சீட்டுப் போட்டும் முறைவைத்தும் பகிர்ந்துகொள்கின்றன. இந்த உரிமை தலைக்கட்டு என்னும் அலகின் வழியே வருகிறது. தலைக்கட்டு என்பது திருமணமாகித் தனிக்குடும்பத்தின் தலைவராக ஊர்ப் பட்டியலில் சேர்க்கப்பட்ட ஆண். எனவே ஒருவர் எந்தெந்தப் பாட்டில் தொழில்செய்தார், யாரோடு வலைக்கூட்டாக இருந்தார், எந்த இரவை யாருக்கு விட்டுக்கொடுத்தார் என்பவற்றைக் கேட்டால், அவருடைய நட்பும் பகையும் உறவும் பொறுப்பும் ஏறக்குறைய முழுமையாக வெளிவந்துவிடுகின்றன. மக்கள்தொகை பெருகப் பெருக ஒரு தலைக்கட்டுக்கு முறை வரும் இடைவெளி நீண்டுகொண்டே போவதால், தாத்தாவுக்கு அடிக்கடி வந்த பாடு பேரனுக்கு எப்போதாவது வருகிறது. முதியவர் காலத்துத் தொழிலின் அடர்த்தியைப் பேரப்பிள்ளைகள் இந்த ஒப்பீட்டால்தான் உணர்கிறார்கள்.

ஆனால் பாட்டை மட்டும் நம்பித் தொகுப்பவர் பெண்களையும் பழங்குடியினரான இருளரையும் முழுமையாகத் தவறவிடுவார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தலைக்கட்டுப் பட்டியலில் பெண்ணுக்கு இடமில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறாலைப் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட ஓலைக்கூடையில் சேர்க்கும் இருளர் பெண்களும் ஆண்களும் எந்தப் பாட்டிலும் சேராதவர்கள். மறைந்த ஒருவரின் ஏரி அறிவில் பாதி, அவர் அருகே வேலைசெய்த இத்தகையவர்களைப் பார்த்துக் கற்றதாக இருக்கக்கூடும். குடும்பத்தார் தரும் பெயர்ப் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளாமல், அவரிடம் மீன் வாங்கியவர், கூடை முடைந்துகொடுத்தவர், மீன் எடுத்துச் சென்றவர் ஆகியோரையும் தேடிச் செல்வதே முறை. பழவேற்காட்டில் பனையோலை முடையும் முஸ்லிம் பெண்களின் வீடுகளில், மீனவக் குடும்பங்களைப் பற்றி அக்குடும்பங்களே மறந்துவிட்ட செய்திகள் கிடைப்பதுண்டு.

கேட்கும் இடமும் வேளையும் கேள்வியைப் போலவே முக்கியமானவை. வீட்டு நடுக்கூடத்தில், மாலையிட்ட படத்தின் கீழ் உட்கார்ந்து பேசும்போது எவரும் சடங்குமொழியில்தான் பேசுவர். வலை பொத்தும் வேளையில், அதாவது கிழிந்த கண்ணிகளை நூல்கோத்துச் சரிசெய்யும் நண்பகல் நேரத்தில், கை வேலையில் இருக்க வாய் தானாகத் திறக்கிறது. கூட இருக்கும் மூத்தவர்கள் ஒருவரையொருவர் திருத்துவதால் செய்தியின் நம்பகமும் கூடுகிறது. ஒலிப்பதிவுக்கு முன் அனுமதி கேட்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. திறந்த கரையில் காற்றின் இரைச்சல் குரலை விழுங்கிவிடும் என்பதால் கைப்பேசியின் ஒலிவாங்கிப் பக்கத்தை மெல்லிய துணியால் மூடுவதும், பேசுபவரின் மடியருகே வைப்பதும், அன்றிரவே அதைக் கேட்டு விளங்காத சொற்களைக் குறித்து மறுநாள் கேட்பதும் பயன் தரும். ஒரு வாரம் கடந்தால் அந்தச் சொற்கள் விளங்காமலே போய்விடும்.

படகில் செல்வதற்கு ஈடானது எதுவுமில்லை. மறைந்தவரோடு தொழில்செய்த ஒருவரை அழைத்துக்கொண்டு, தண்ணீர் ஏறியிருக்கும் நாளில் ஏரிக்குள் சென்றால், கரையில் நினைவுக்கு வராத இடப்பெயர்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. நீர்ப்பரப்பில் ஓர் இடத்தைக் குறித்துவைக்க மீனவர் பயன்படுத்துவது கரையடையாளங்களின் சேர்க்கை: கலங்கரை விளக்கமும் ஒரு பனங்கூட்டமும் ஒரே கோட்டில் வர, மறுபுறம் மாதா கோயிலும் குப்பத்தின் ஒரு மூலையும் ஒன்றாக வந்தால், அந்தக் கோடுகள் வெட்டும் புள்ளியே இடம். பனை விழுந்துவிட்டாலோ புதிய கட்டடம் மறைத்துவிட்டாலோ அந்த அறிவின் ஒரு காலே முறிந்துவிடுகிறது. ஆகவே முதலில் கையால் ஒரு வரைபடம் போட்டு, மூத்தவர் சொல்லச் சொல்லப் பெயர்களை எழுதிக்கொண்டு, பிறகே கைப்பேசியின் இருப்பிடக் குறியீட்டை எடுக்க வேண்டும். வரிசை தலைகீழானால், அதாவது கருவியை முதலில் நீட்டினால், மூத்தவர் கருவிக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறார், ஏரியைப் பார்ப்பதில்லை.

காலத்தைக் குறிப்பதில் ஆங்கில ஆண்டைக் கேட்பது வீண். ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளத்துக்காகக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்ட காலம், அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய காலம், ஆழிப்பேரலை வந்த நாள், முகத்துவாரம் அடைத்துக்கொண்டு மீன் இல்லாமற்போன கோடை ஆகியவையே இங்கு நாட்காட்டி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் 1971 அக்டோபரில் ஏவப்பட்டது, எஸ்.எல்.வி.-3 ரோகிணிச் செயற்கைக்கோளை வெற்றிகரமாகச் சுற்றுப்பாதையில் சேர்த்தது 1980 ஜூலையில். ஆழிப்பேரலை 2004 டிசம்பர் 26ஆம் நாள். இவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதிவைத்துக்கொண்டு, மூத்த மகளின் பிறப்பு முதல் ராக்கெட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்டுச் சென்றால், வாழ்க்கைக் குறிப்பின் பெரும்பகுதி ஓரிரு ஆண்டு வேறுபாட்டுக்குள் சரியாக அமைந்துவிடும். பிறந்த தேதிகளைப் பொறுத்தவரை பள்ளிச் சான்றிதழைவிட இந்த முறை உண்மைக்கு நெருக்கமானது என்பது, பள்ளியில் சேர்க்கும்போது வயதை எப்படிச் சொல்வார்கள் என்பதை அறிந்த எவருக்கும் புரியும்.

குடும்பத்தின்மேல் ஒருவர் வைத்திருந்த அன்பு, மீனவ வீட்டில், எந்த மீன் விற்பனைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்தது என்பதில் தெரிகிறது. நல்ல விலைக்குப் போகும் கொடுவாயும் பெரிய நண்டும் ஏலத்துக்குப் போக, பிள்ளை பெற்ற மகளுக்கென்று எது ஒதுக்கப்பட்டது, காய்ச்சலில் கிடந்த பேரனுக்கு எது, சண்டை போட்டுப் போன மருமகனைச் சமாதானப்படுத்த எது என்று கேட்டால், பிள்ளைகள் ஆயா என்றழைக்கும் பாட்டியிடமிருந்து வரும் விடைகள் ஒரு முழு அத்தியாயத்துக்குப் போதும். அந்தச் சமையலையும் எழுதிவைக்க வேண்டும். ஆனால் மடவைக் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்டால் "கண்ணளவுதான்" என்பதே விடையாக வரும் என்பதால், சமைக்கும்போது பக்கத்தில் தராசோடு உட்கார்ந்து, கைக்குப் போகும் முன் ஒவ்வொன்றையும் நிறுத்துக் குறித்துக்கொள்வதே ஒரே வழி. முதல் முறை அவர் எரிச்சலடைவார். அடுத்த முறை தாமே நிறுத்துப் பார்க்கத் தொடங்குவார்.

பயணத்தைத் தொகுப்பது மற்ற இரண்டையும்விடக் கடினம், ஏனெனில் சென்றவர் இப்போது இல்லை, உடன் சென்றவர்கள் அப்போது குழந்தைகள். ஏரியின் வழியாகச் செல்லும் பக்கிங்காம் கால்வாய், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கப்பட்டு, 1876–78 பஞ்ச காலத்து நிவாரண வேலைகளால் நீட்டிக்கப்பட்டு, அப்போதைய ஆளுநரின் பெயரைப் பெற்று, ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை 400 கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டிருந்தது. ஸ்ரீஹரிகோட்டாவின் விறகும் ஏரியின் கிளிஞ்சலும் அதில்தான் சென்னைக்குச் சென்றன. கழியூன்றியும் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் படகு செலுத்திய இளைஞர்களுக்குச் சென்னை என்பது முதலில் சாலை வழியாக அறிமுகமான நகரமன்று. அந்தத் தலைமுறையினரில் எஞ்சியிருப்போர் மிகச் சிலர் என்பதால், வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் கால்வாய்ப் பயணங்களைக் கேட்பதைத் தள்ளிப்போடக் கூடாது: எங்கே இரவு தங்கினார்கள், எங்கே சமைத்தார்கள், திரும்பும்போது பிள்ளைகளுக்கு என்ன வாங்கிவந்தார்கள் என்ற மூன்று கேள்விகள் போதும்.

பிற்காலத்துப் பேருந்துப் பயணங்களான வேளாங்கண்ணி, திருப்பதி, இராமேசுவரம் போன்றவற்றுக்கு நிழற்படங்கள் கிடைக்கலாம். குறிப்பிட்ட பெரியவரைப் பொறுத்தவரை, எந்தத் தலத்துக்குப் போனாலும் அங்குள்ள தண்ணீரைப் பார்ப்பதற்கே அவர் போனதாகக் குடும்பத்தார் ஒருமித்துச் சொன்னார்கள். இராமேசுவரத்தில் கோயிலைவிடப் பாம்பனின் நீரோட்டத்தைப் பற்றியே அவர் நெடுநாள் பேசினாராம். கோயில்களின் பெயர்ப்பட்டியலாக நின்றுபோயிருக்கக்கூடிய பயணக் குறிப்பு, இந்த ஒரு செய்தியால் அவருடைய பயணக் குறிப்பாக மாறியது. ஒருவர் எங்கே போனார் என்பதோடு, அங்கே எதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்பதையும் கேட்க வேண்டும்.

இயற்கையின்மீது அவருக்கிருந்த ஈடுபாட்டை எழுதுவதில் இரண்டு தவறுகள் எளிதில் நேர்கின்றன. ஒன்று, மீனவரை இயற்கை ஆர்வலர் என்று நகரத்துச் சொல்லால் அழைத்துவிடுவது. மற்றொன்று, அவருக்கு இருந்தது தொழிலறிவு மட்டுமே என்று குறுக்கிவிடுவது. ஆலாக்கள் கூட்டமாகத் தண்ணீரில் பாய்வதைக் கண்டு பொடிமீன் கூட்டத்தை அறிவது தொழில். பூநாரைகள் குளிர்காலத்தில் வந்து இறங்கும்போது வேலையை நிறுத்திவிட்டுப் பேரப்பிள்ளைகளைக் கரைக்கு இழுத்துச் செல்வது தொழிலாகாது. சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர் எஸ். பாளையம், தெண்டி என்றும் வன்னி என்றும் அழைக்கப்படும் தென், வட நீரோட்டங்களையும் காற்றையும் நாள்தோறும் கவனித்துப் பதிவுசெய்யும் முயற்சியில் ஈடுபட்டவர். இத்தகைய பதிவை ஒரு முதியவர் உயிரோடிருக்கும்போதே, பள்ளிக்குப் போகும் பேத்தியைக் கொண்டு ஒரு நோட்டுப்புத்தகத்தில் தொடங்கிவிடுவது, மறைவுக்குப்பின் செய்யும் எந்தத் தொகுப்பையும்விட மேலானது.

நினைவாக ஏதேனும் செய்ய விரும்புவோர் முதலில் மரம் நடவே நினைக்கிறார்கள். பழவேற்காட்டில் இதைச் சற்று யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது: ஏரியின் வெற்றுச் சேற்றுவெளிகள் பாழ்நிலம் போலத் தோன்றினாலும் உள்ளான்களும் பூநாரைகளும் இரைதேடும் இடங்கள் அவைதாம், அங்கே கன்று நட்டால் மறைந்தவர் விரும்பிய பறவைகளுக்கே இடம் குறையும். அலையாத்திக் கன்று நடுவதானால் முன்பு அம்மரம் இருந்த ஓடைக்கரைகளை மூத்தவர்களிடம் கேட்டு, பறவைச் சரணாலயப் பகுதி என்பதால் வனத்துறையின் அனுமதியோடு நட வேண்டும். ஏரியின் ஆந்திரப் பகுதி 1976லும் தமிழ்நாட்டுப் பகுதி 1980லும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. செலவில்லாத வேறொரு வழியும் உண்டு. 2015 முதல் தமிழ்நாட்டில் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், ஆண்டுதோறும் அதே இடத்தில் நின்று அவர் பார்த்த பறவைகளைக் குடும்பத்தார் எண்ணிப் பதிவுசெய்யலாம். பறவைகளின் பெயர் தெரியாத பிள்ளைகள் அந்த ஒரு காலைப் பொழுதில் கற்றுக்கொள்வது ஏராளம்.

படங்களும் தாள்களும் உப்புக்காற்றில் விரைவாகக் கெடுகின்றன. சுவரில் மாட்டிய படத்தின் கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே ஈரம் புகுந்து பூசணம் பிடிப்பதும், பாதுகாப்பென்று நம்பி லேமினேஷன் செய்த படத்தைப் பிறகு பிரித்தெடுக்க முடியாமற்போவதும் இக்கரையோர வீடுகளில் வழக்கமாகக் காணப்படுபவை. பழைய படத்தை நேர்வெயில் படாத திண்ணை வெளிச்சத்தில் கைப்பேசியால் நேர்மேலிருந்து படமெடுத்து, பின்புறத்து எழுத்தையும் எடுத்து, படத்தில் இருப்போரின் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதி, உள்ளூரில் ஒன்றும் ஏரிக்கரையை விட்டுத் தள்ளி வாழும் உறவினரிடம் ஒன்றுமாகப் படிகளை வைக்க வேண்டும். 2004இல் தண்ணீர் கொண்டுபோன வீடுகளில் படங்களும் சேர்ந்தே போயின.

முரண்பாடுகளைத் தீர்க்க முயலக் கூடாது. ஒரே நிகழ்ச்சியை மூத்த மகன் ஒரு விதமாகவும் இளைய மகள் வேறு விதமாகவும் சொன்னால், இரண்டையும் அவரவர் பெயரோடு எழுதிவைப்பதே நேர்மை. அவருடைய கோபம், பிடிவாதம், ஊர்க்கூட்டத்தில் எழுந்து போன நாள் ஆகியவற்றையும் விடக் கூடாது. இறந்தவரைக் குறைசொல்லக் கூடாது என்ற வழக்கு நல்லெண்ணத்தில் பிறந்ததே என்றாலும், அதை முழுதாகப் பின்பற்றினால் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைப்பது மனிதரல்ல, மாலையிட்ட படம் மட்டுமே. கடன் கணக்கும், இன்னும் உயிரோடிருக்கும் இரு குடும்பங்களுக்கு இடையேயான வழக்கும் மட்டும் விலக்கு.

ஆடி, தை அமாவாசைப் படையலும், நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளும், ஆண்டு நினைவில் ஓதப்படும் பாத்திஹாவும் பழவேற்காட்டின் மூன்று சமயத்தாருக்கும் தனித்தனியே அமைந்த நினைவு நாட்கள். தொகுத்த குறிப்புகளை அந்த நாளில் எடுத்துப் படிப்பதும், படிக்கும்போது எழும் மறுப்புகளை அங்கேயே ஓரத்தில் எழுதிக்கொள்வதும், தொகுப்பை ஆண்டுதோறும் வளரச் செய்கின்றன. முதல் ஆண்டில் எவரும் மறுத்துப் பேசமாட்டார்கள். துயரம் தணிந்த மூன்றாம் நான்காம் ஆண்டுகளில்தான் நல்ல திருத்தங்கள் வருகின்றன.

இறுதியாக வரைபடத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மீன் கூடும் பள்ளங்களும் ஓடை முனைகளும் பெயரோடும் இருப்பிடக் குறியீட்டோடும் பதிவான தாள், ஒரு குடும்பத்துக்கு நினைவுச்சின்னமாக இருந்தாலும், ஊருக்கு அது சொத்துக் குறிப்பு. வெளியார் கைக்குப் போனால் பாடு உரிமையைப் பற்றிய சண்டைகளுக்கு அதுவே காரணமாகக்கூடும். இதனால், எதை எழுதலாம் என்று ஊர்ப் பெரியவர்களிடம் தொடக்கத்திலேயே பேசிவிட்டு, குறியீடுகள் உள்ள முழுப்படியை வீட்டிலும் ஊர்ப் பொறுப்பிலும் மட்டும் வைத்து, உறவினருக்கும் பள்ளிக்கும் தரும் படியில் இடப்பெயர்களையும் அவற்றின் கதைகளையும் மட்டும் விட்டு எண்களை நீக்கிவிடுவது வழக்கமாக்கப்பட வேண்டும். குறிப்பிட்ட பெரியவரின் குடும்பத்தில், எந்த இடத்தை மறைக்க வேண்டும் என்பதை முடிவுசெய்யவே தொகுப்பின் மற்ற எந்தப் பகுதியையும்விட அதிக நாள் ஆயிற்று. அந்தப் பேச்சுகளின்போதுதான் அதுவரை எவரும் சொல்லாத நான்கைந்து இடப்பெயர்கள் கூடுதலாகக் கிடைத்தன, அவற்றுள் எதுவும் வெளிப்படியில் இல்லை.